யோகேஸ் நன்றி சொன்ன நாள்

போன மாதம் இரண்டு பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். மாநில வலைப்பந்து அணியில் நான் பார்த்த வேலையை இப்போது அவர்கள்தான் பார்க்கிறார்கள். இருவருமே பட்டம் வாங்கியவர்கள். கையில் ஒரு டேப்லெட். தலையில் அடிபட்டு விழுந்த ஆட்டக்காரியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் ஒவ்வொன்றாக வருகின்றன. சரியான பதிலென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு.

"ஆன்ட்டி, எல்லாம் பச்சையா வந்துச்சுன்னா ஆட அனுப்பிறலாம்தானே?" என்று ஒருத்தி கேட்டாள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. திரும்பி வந்து ஏதோ சொன்னேன், எனக்கே திருப்தியில்லை. "பரவால ஆன்ட்டி, எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து உட்கார்ந்தால் இதே நினைப்பு, படுத்தாலும் இதே நினைப்பு. எல்லாம் பச்சையாக வந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நான் பிறந்தது சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பாரம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடம் நின்றது. பிறகு கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்துச் சின்னச் சின்னச் சில்லுகளில் கீறல் தேடுகிற வேலை. இல்லாத கீறலும் எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார். தொழிற்சாலைக்கு ஒரு வலைப்பந்து அணி இருந்தது. பந்து வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன், ஆகவே ஆட விடவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். ஓய்வு பெறும் வரை கீழே வைக்கவில்லை என்றே சொல்லலாம். மாநில அணிப் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் 'ஐஸ் அக்கா'.

என்னை மாநில அணிக்கு இழுத்துப் போனவர் சிஸ்டர் ஃபிலோமினா. சுங்கை பட்டாணிக்காரர், பல வருடம் ஆஸ்பத்திரி வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். முதலுதவி சொல்லிக் கொடுக்க எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்தார். நான் ஒரு பெண்ணின் கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "கை நடுங்குது, ஆனா டேப் நேரா போகுது. நாளைக்கு எங்கூட வா" என்றார். என் படிப்பு அவ்வளவுதான்.

வலைப்பந்தை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், இதில் என்ன அடிபடப் போகிறது என்பார்கள். இடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, நகம்கூட நீளமாக இருக்கக் கூடாது. ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வொருத்தியின் விரலையும் தடவிப் பார்ப்பார். ஆனால் பந்தோடு தரையில் பதிந்த கால் அதே இடத்தில் நிற்க வேண்டும், நகர்த்தி வைக்க முடியாது. முழு வேகத்தில் ஓடி வந்து, எம்பிப் பிடித்து, ஒற்றைக் காலில் இறங்கி, அப்படியே நின்றுவிட வேண்டும். அந்த வேகமெல்லாம் எங்கே போகும்? கணுக்காலுக்குப் போகும், முழங்காலுக்குப் போகும். முழங்கால் போகும்போது 'பட்'டென்று ஒரு சத்தம் வரும். ஒருமுறை கேட்டிருக்கிறேன். வீட்டில் யாராவது முறுக்கு ஒடித்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

பட்டை சுற்றுவதில் சிஸ்டர் ஒரு சுருக்கத்தைக்கூட விடமாட்டார். பாதத்தை நிமிர்த்தி, கால் விரல் முட்டியைப் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். தொங்கிய பாதத்தில் சுற்றினால் தொங்கிய பாதத்தைத்தான் அது பிடித்துக்கொண்டிருக்கும். முதலில் மெல்லிய நுரைத்துணி. அதன்மேல் ஆடுசதைக்குக் கீழே ஒரு வளையம். பிறகு உள்பக்கமிருந்து குதிகால் அடியில் கொண்டுபோய் வெளிப்பக்கம் மேலே இழுக்க வேண்டும். பாதம் உள்பக்கமாகத்தான் மடங்கும், அதனால் இழுப்பு எப்போதும் உள்ளேயிருந்து வெளியே. கடைசியில் குதிகாலைப் பூட்டு. முடித்ததும் சிஸ்டர் ஒவ்வொரு பெருவிரல் நகத்தையும் அழுத்திவிட்டு, சிவப்புத் திரும்புகிறதா என்று பார்ப்பார். அவர் பார்த்த பிறகு நான் ஒருமுறை பார்ப்பேன். பிறகு இன்னொரு முறை.

"ராணி, அந்தக் காலு ஓடியே போகப் போகுது, விடு" என்பார்.

மைதானத்துக்குள் போகிற முறை அவரிடம் தனி. நடுவர் விசில் அடித்து நேரத்தை நிறுத்தியதும் உதவியாள் உள்ளே போகலாம், அரை நிமிடத்துக்குள் அடிபட்டவளை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அவ்வளவு குறைந்த நேரத்திலும் சிஸ்டர் ஓடமாட்டார். "நீ ஓடினா, தனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அவ பயந்துருவா. வேகமா நட." போய் முட்டி போட்டு உட்காரும்போது, தன் முதுகு கோச்சின் பக்கமும் கூட்டத்தின் பக்கமும் இருக்கிற மாதிரி உட்காருவார். விழுந்தவள் முகம் அவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லாரும் பார்க்கிற முகம் உண்மை பேசாது என்பது அவர் கணக்கு. 'முடியுமா?' என்று மட்டும் கேட்கவே கூடாது. கால் முறிந்து கிடக்கிறவளும் 'முடியும்' என்றுதான் சொல்வாள்.

இன்னொன்று. எந்தப் போட்டிக்குப் போனாலும், தொடங்குவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார். அம்மா சௌக்கியமா, வேலை எப்படி, இப்படிச் சும்மா பேச்சு. எனக்கு அது பிடிக்காது. பட்டையை எண்ணி வைக்க வேண்டும், ஐஸ் வாங்க வேண்டும், இவர் என்னடா கதை பேசுகிறார் என்று வாசலில் நின்று தவிப்பேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நல்லா இருக்கும்போது அவ எப்படி இருப்பான்னு பாத்து வச்சுக்கிறேன் லா. இல்லாட்டி கெட்டுப்போனா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

யோகேஸ் தேநீருக்கு வந்தால் வாசல்வரை சிரிப்புக் கேட்கும். யோகேஸ்வரி முழுப் பெயர். கோலா கெத்தில் பக்கத்துப் பிள்ளை, கூலிமில் ஷிப்ட் வேலை, நெஞ்சில் 'சி' என்ற எழுத்து. வலைப்பந்தில் ஒவ்வொருத்தியும் தன் இடத்தைக் காட்டுகிற எழுத்தை நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டிக்கொள்ள வேண்டும். 'சி' என்றால் நடு ஆட்டக்காரி, இரண்டு பக்கமும் ஓடுகிறவள். மற்ற இடம் ஒன்றிரண்டு காலியாக இருந்தாலும் ஆட்டம் நடக்கும், 'சி' காலியாக இருக்கக் கூடாது.

அவள் வாய் சும்மா இருக்காது. என் ஐஸ் பெட்டிதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. விரல் மடங்கி வெளியே வந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்பாள்: "ஐஸ் அக்கா, இன்னிக்கு என்ன மீனு? கெம்போங்கா? கிலோ என்ன வில?" அவள் ஆடிய இத்தனை காலத்தில் நான் பெட்டியைத் திறந்து அவள் மீன் விலை கேட்காத நாள் கிடையாது. எனக்கு எரிச்சலாக வரும். "வாய மூடு, கைய நீட்டு" என்பேன்.

இனி அந்தப் போட்டிக்கு வருகிறேன். அலோர் ஸ்டாரில் ஒரு பெரிய டேவானில் நடந்தது, உள்விளையாட்டு மண்டபம். தேசியப் பயிற்சி முகாமுக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் அரையிறுதிக்கு வருவதாகப் பேச்சு. யோகேஸுக்காகத்தான் வருகிறார்கள் என்று எங்கள் கோச் சல்மா சொன்னார். யோகேஸ் அதைத் தன் அம்மாவிடம் சொல்லி, அம்மா தோட்டம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

முதல் ஆட்டங்கள் முடிந்ததுமே தங்குமிடத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கியது. ஒருத்தி, பிறகு அவள் அறைக்காரி, பிறகு அடுத்த அறை. காலையில் சாப்பிட்ட சம்பலா, ஒருவர் குடித்த குவளையில் இன்னொருவர் குடித்ததா, தெரியவில்லை. சிஸ்டர் நோயாளிகளை ஒரு பக்க அறைகளுக்கு மாற்றினார். ஆளுக்கொரு குவளை, ஆளுக்கொரு துண்டு. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கவிடாமல் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். வாந்தி நின்று ஒரு முழு நாள் ஆகாமல் எவளும் ஆடக் கூடாது என்றார். அரையிறுதிக் காலையில் நிற்கக்கூடியவர்கள் ஏழே பேர்தான். மாற்று ஆள் ஒருத்திகூட இல்லை.

"நீ டேவானுக்குப் போ. இதுங்கள விட்டுட்டு நான் வர முடியாது" என்றார் சிஸ்டர்.

"நான் தனியாவா சிஸ்டர்?"

"தனியா எங்க? உன் பயம் கூட வருதே. ரெண்டு பேரா போங்க."

வேனில் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் அடிபட்டால் கேட்கிற கேள்விகள் எல்லாருக்கும் தெரியும். எந்த டேவான், எத்தனையாவது கால் பாகம், கடைசியாக கோல் போட்டது யார், போன ஆட்டத்தில் எதிரி யார், ஜெயித்தோமா. முன்பு ஒருத்தி பதில் தடுமாறியதால் உட்காரவைக்கப்பட்டாள். அதிலிருந்து அதைப் பரீட்சைக் கேள்வி மாதிரி மனப்பாடம் செய்வது இவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு இடைவேளையிலும் தண்ணீர் குடிக்கும்போதே ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வார்கள்: "மூணாவது பாகம், கடைசி கோல் ஆயிஷா, மறந்துராத." ராகம் போட்டுச் சொல்வதில் யோகேஸ்தான் தலைவி. சிஸ்டருக்கும் தெரியும். "படிக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது கால் பாகம் முடிகிற நேரம். நாங்கள் கொஞ்சம் முன்னால் இருந்தோம். கைதவறிய ஒரு பந்துக்கு யோகேஸும் எதிரணி நடு ஆட்டக்காரியும் ஒரே நேரத்தில் எம்பினார்கள். அந்தப் பெண்ணின் முழங்கை யோகேஸின் காதுக்கு மேலே பட்டது. யோகேஸ் விழுந்தாள்; தலை பலகைத் தரையில் மோதி, எழும்பி, மறுபடி பட்டது. விசில்.

நடக்க வேண்டும் என்று தெரியும். ஓடினேன். ஆனால் உட்காரும்போது ஞாபகமாக முதுகைக் கோச்சின் பக்கம் வைத்தேன்.

கண் திறந்திருந்தது. கழுத்தில் வலி இல்லை. கை, கால் அசைந்தது.

"எங்கம்மா வலிக்குது?"

"எங்கயும் இல்லக்கா."

"இது எந்த டேவான்?" சொன்னாள். "எத்தனாவது பாகம்?" சொன்னாள். கடைசி கோல், போன ஆட்டம், எதிரி, எல்லாம் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பில்லை. என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், நேராக நடந்தாள். வெளியே பெஞ்சில் உட்காரவைத்தேன். பெட்டியைத் திறந்து, ஐஸை ஈரத்துணியில் சுற்றிக் காதுக்கு மேலே வைத்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப நன்றிங்க அக்கா. உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன்" என்றாள்.

குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

இரண்டு முழங்காலையும் சேர்த்து, கையை மடியில் வைத்து, கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பெட்டி திறந்துதான் இருந்தது. மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாகம் முடிந்து இடைவேளை விட்டார்கள். சிஸ்டருக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோச் சல்மா வந்தார். அவர் பேசியது மலாய், தமிழில் எழுதுகிறேன்; 'காக்' என்றால் அக்கா.

"காக் ராணி, எல்லாத்துக்கும் பதில் சொன்னாளா?"

"சொன்னா."

"அப்ப கடைசி பாகம் ஆடலாம்."

"வேணாம் கோச். அவ சரியா இல்ல."

"என்ன சரியில்ல? மயக்கமா? வாந்தியா?"

"எனக்கு நன்றி சொன்னா."

கோச் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அவர் நல்ல மனுஷி. கத்தவில்லை. அது இன்னும் மோசம். "காக், போன போட்டியில விக்கல் வந்த பிள்ளைய உக்கார வைக்கச் சொன்னீங்க. அதுக்கு முந்தி ஒருத்திக்கு கொசுக் கடிச்ச தடிப்பு. இன்னிக்கு நன்றி சொன்னது நோயா?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. விக்கலுக்கும் பயந்தேன், கொசுக்கடிக்கும் பயந்தேன். எதற்கும் பயப்படாத ஒருத்தி இன்று 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் கோச் கேட்டிருப்பார். வருடக்கணக்காக எல்லாவற்றுக்கும் சேர்த்து என் பயத்தைச் செலவழித்துவிட்டேன், இன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லை. மேலே ஆள் பொறுக்குகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யோகேஸ் எழுந்து, "நான் ஆடுறேங்க கோச்" என்றாள். அதிலும் மரியாதை.

என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. அவள் நெஞ்சிலிருந்த 'சி'யைப் பிடித்து இழுத்தேன். ஒட்டியிருந்தது சரசரவென்று பிய்ந்து வந்தது. முதுகிலிருந்ததையும் பிய்த்தேன். விங் டிஃபென்ஸ் இடத்தில் ஆடுகிற நூருல் பக்கத்தில் நின்றாள். அவளிடம் கொடுத்து, "நீ சி. போ" என்றேன்.

"காக் ராணி!" என்றார் கோச்.

"நாளைக்கு என்னைய வேலைய விட்டுத் தூக்குங்க கோச். இப்ப இவள விடமாட்டேன்."

நூருல் கோச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விசில் ஊதிவிட்டது. கோச் கையை உதறிவிட்டுப் போனார். ஆறு பேராக ஆடினோம். நூருல் இரண்டு ஆள் ஓட்டம் ஓடினாள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், ஓய்ந்த காலில் இறங்கி, கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். நான் சுற்றிய பட்டை, நான் பூட்டிய குதிகால். அவளையும் தூக்கி வந்தேன். தோற்றுப் போனோம்.

"ஒருத்திய காப்பாத்தறேன்னு ஒருத்திய உடைச்சிட்டீங்க" என்று கோச் சொன்னார்.

நூருலின் காலைக் கட்டித் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பினால், யோகேஸ் பெஞ்சுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கோச் உடனே தன் காரை எடுத்தார். யோகேஸும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். காடி நகர்ந்ததும் கேட்டாள்:

"நாம ஜெயிச்சமாக்கா?"

"இல்லம்மா. தோத்துட்டோம்."

அவள் முகம் சுருங்கி, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முதுகைத் தடவினேன். அழுகை நின்றது. சாலை விளக்கில் காடி நின்றபோது என் பக்கம் திரும்பினாள்.

"நாம ஜெயிச்சமாக்கா?"

மறுபடி சொன்னேன். மறுபடி அழுதாள், முதல் தடவை கேட்கிறவள் மாதிரி. அவளுக்கு அது முதல் தடவைதான். மூன்றாவது முறை கேட்டபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன்னாலிருந்து கோச் பதில் சொன்னார், திரும்பிப் பார்க்காமல்: "பெலும் ஹபிஸ், யோகேஸ்." இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

யோகேஸ் தெளிந்துவிட்டாள். "அப்ப நான் போவணும்" என்று நெஞ்சைத் தடவினாள். "என் சி எங்கக்கா?"

கோச்சின் தோள் குலுங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ரத்தம் கசியவில்லை. மூளை குலுங்கியிருக்கிறது, கண்காணிப்பில் வைத்திருக்கிறோம், பிறகு வீட்டில் ஓய்வு, முழுதாகச் சரியாகும் வரை ஆட்டம் கூடாது என்றார் டாக்டர். சாயங்காலம் சிஸ்டர் வந்தார், நோயாளிகளின் வாசனையோடு. நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். நூருலின் கால் மடங்கியதையும் சொன்னேன், கோச் சொன்னதையும் சொன்னேன்.

"மீன் வில கேக்கலியா?" என்றார்.

"இல்ல சிஸ்டர். நன்றி சொன்னா."

"அப்ப சரி" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. என்னை யாரும் வேலையை விட்டுத் தூக்கவும் இல்லை.

அந்தக் கடைசி பாகம் ஆடியிருந்தால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். முகாமுக்குக் கூப்பிட்டிருக்கலாம். அந்த வருடம் கூப்பிடவில்லை. இந்த நினைப்பு என்னை இன்னும் புரட்டிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வந்த பிள்ளைகளிடம் 'நான் செய்ததுதான் சரி' என்று சொல்ல எனக்கு வாய் வராததும் அதனால்தான்.

அடிபட்டதைவிட என்னைக் கொன்றது அதற்குப் பிறகு வந்த நாட்கள். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் பஸ் ஏறிக் கோலா கெத்திலுக்குப் போனேன். யோகேஸ் ஜன்னலை மூடி வெளிச்சம் படாமல் உட்கார்ந்திருப்பாள். "வாங்க அக்கா, உக்காருங்க. எதுக்குச் சிரமம்?" என்பாள். தண்ணீர் கொண்டு வந்து வைப்பாள். கேட்டதற்குப் பதில். தலைவலி குறைந்துவிட்டது என்பாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். டாக்டரும் நன்றாகத் தேறி வருகிறாள் என்கிறார்.

அவள் அம்மா சரோஜா அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா ராணி? முந்தியெல்லாம் வாயத் தொறந்தா வம்பு. இப்ப எம்புட்டு மரியாதையாப் பேசுது! போன வாரம் எங்க நாத்தனாரு வந்து, 'இப்பதான் பொம்பளப் புள்ளயா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போறா. அடி பட்டாலும் நல்லதுக்குத்தான் பட்டிருக்கு, போ!"

நான் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது, உன் மகள் இன்னும் வீடு வந்து சேரவில்லை என்று? பஸ்ஸில் திரும்பும்போது அடக்க முடியாமல் சிஸ்டருக்குப் போன் போடுவேன். "இன்னும் அப்படியேதான் இருக்கா சிஸ்டர்." "போய்க்கிட்டே இரு" என்பார்.

போய்க்கொண்டே இருந்தேன். ஒரு மத்தியானம். அவளுக்குப் பிடிக்குமே என்று வீட்டில் கேசரி செய்து, வழியில் கெட்டுவிடுமோ என்று பயந்து, பழைய ஐஸ் பெட்டியிலேயே வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். கேசரி கெடாது என்று எனக்கே தெரியும். சரோஜா அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஜன்னல் திறந்திருந்தது.

"யாரும்மா அது?" என்று குரல்.

"ராணி அக்கா வந்திருக்காங்க பாரு."

பிறகு ஜன்னலில் முகம் தெரிந்தது. பார்வை என்மேல் இல்லை, பெட்டியின் மேல் இருந்தது.

"ஐஸ் அக்கா, இன்னிக்கு என்ன மீனு? நாத்தம் கூலிம் வரைக்கும் அடிக்குது லா!"

சரோஜா அக்கா கையிலிருந்த துணியைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினார். "அடியே! பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது? இத்தன நாளா நல்லாத்தானேடி இருந்த?"

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"திட்டாதீங்கக்கா," என்றேன், "இன்னொரு வாட்டி கேக்கச் சொல்லுங்க."